ஓவியன் கட்டிய நகரங்கள் – 9: அண்ணன் கேட்ட சிவப்பு

சென்ற வாரம் வின்சென்ட் கோர்டாவை 2036-ஆம் ஆண்டில் விட்டுவிட்டு வந்தோம். பூமிக்கடியில் வெள்ளைவெளேரென்று ஒரு நகரம். ஜன்னல் கிடையாது, நிழல் கிடையாது. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் கதை எழுதிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. ஃப்ரிட்ஸ் லாங் 'மெட்ரோபோலிஸ்' படத்தில் என்னவெல்லாம் செய்தாரோ அதற்கு நேர் எதிராக இங்கே இருக்க வேண்டும் என்று படக்குழுவுக்கே சுற்றறிக்கை விட்டார். வின்சென்ட் அதையும் கட்டிக் கொடுத்தார். 1936-இல் 'திங்ஸ் டு கம்' வெளிவந்தது.

இந்த வாரம் புதிதாக வந்து சேர்கிறவர்களுக்குச் சுருக்கமாக: ஹங்கேரியின் சமவெளியில் டூர்கெவே என்ற சிற்றூர். பண்ணைக் கணக்குப் பார்த்த ஒரு யூதக் குடும்பத்தில் மூன்று பையன்கள். குடும்பப் பெயர் கெல்னர். மூத்தவன் பத்திரிகையில் எழுதியபோது சூட்டிக்கொண்ட புனைபெயர் கோர்டா. அந்தப் பெயர் பிறகு மூவருக்கும் ஒட்டிக்கொண்டது.

மூத்தவர் அலெக்சாண்டர் தயாரிப்பாளர், இயக்குநர். அடுத்தவர் சோல்டான் இயக்குநர். கடைக்குட்டி வின்சென்ட்டுக்குத் தூரிகையைத் தவிர வேறெதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

கெச்கெமேட் ஓவியர் குடியிருப்பில் தேர்ந்து, பாரிஸில் நிலக்காட்சியும் உருவப்படமும் வரைந்துகொண்டிருந்தவரை அண்ணன் 1931-இல் கூப்பிட்டார். 'மாரியஸ்' படத்துக்கு மார்செய் துறைமுகத்தின் மதுக்கடை ஒன்று வேண்டும். வின்சென்ட் போனார். அதன்பின் கூப்பிடுவது அண்ணனின் வழக்கமாகவும், போவது தம்பியின் வழக்கமாகவும் ஆயிற்று.

எட்டு வருடம் கழித்து வந்த அழைப்புதான் இந்த வாரக் கதை.

* * *

1939. லண்டனுக்கு மேற்கே டென்ஹாம்.

கோல்ன் ஆற்றங்கரையில் 165 ஏக்கரில் அலெக்சாண்டர் கோர்டா எழுப்பிய ஸ்டூடியோ அது. ஏழு படப்பிடிப்புத் தளங்கள். உள்ளே நுழைந்தால் ஆங்கிலத்தைவிட ஹங்கேரிய மொழிதான் அதிகம் காதில் விழும் என்பார்கள். கதை எழுதுபவர் லாயோஷ் பிரோ, இசையமைப்பவர் மிக்லோஷ் ரோஜா, செட் போடுபவர் முதலாளியின் தம்பி. 'ஹங்கேரியனாக இருந்தால் மட்டும் போதாது, கொஞ்சம் திறமையும் வேண்டும்' என்று அங்கே பலகை தொங்கியதாக ஒரு பகடி திரையுலகில் அப்போது உலவியது.

பகடிக்கு அடியில் ஒரு கவலை இருந்தது. பணம் போட்ட காப்பீட்டு நிறுவனம் கணக்குக் கேட்டது. டென்ஹாம் மீது அலெக்சாண்டருக்கு இருந்த பிடி ஏற்கெனவே நழுவிவிட்டது. கட்டியவரே தன் ஸ்டூடியோவில் வாடகைக்காரர் போல ஆனார்.

இந்த நிலைமையில் இன்னொருவராக இருந்தால் கையைக் கடிக்காத சின்னப் படம் எடுத்திருப்பார். அலெக்சாண்டர் பாக்தாத்தைக் கையில் எடுத்தார். ஆயிரத்தொரு இரவுகளின் உலகம், பறக்கும் கம்பளம், சீசாவுக்குள் பூதம். அதுவும் வண்ணத்தில். படத்தின் பெயர் 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்'.

திருடனாக நடிக்க ஆள் தயாராக இருந்தார். மைசூருக்குப் பக்கத்தில் காரப்பூரில் பிறந்த யானைப்பாகனின் மகன் சாபு. 1937-இல் வந்த 'எலிஃபென்ட் பாய்' மூலம் கோர்டாக்களின் கைக்கு வந்த பையன். இப்போது வயது பதினைந்து. கூரைக்குக் கூரை தாவச் சொன்னால் யோசிக்காமல் தாவுவான்.

தாவுவதற்குக் கூரைகள் வேண்டுமே. அங்கேதான் வின்சென்ட்டுக்குத் தலைவலி தொடங்கியது.

அதே பெயரில் 1924-இல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஒரு மௌனப் படம் எடுத்திருந்தார். அதற்கு வில்லியம் கேமரூன் மென்சீஸ் போட்ட செட்டுகள் வானத்தைத் தொட்டன. பளிங்குபோல் மின்னும் தரை, அதில் பிரதிபலிக்கும் கோபுரங்கள். அதைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை. அந்த மென்சீஸ்தான் இப்போது இந்தப் படத்தின் இணைத் தயாரிப்பாளர். பழைய பாக்தாத்தைக் கட்டியவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க, வின்சென்ட் புதிய பாக்தாத்தைக் கட்ட வேண்டும்.

* * *

இயக்குநர் லுட்விக் பெர்கர், ஜெர்மானியர். மேடை நாடகமும் இசையும் ஊறிய மனிதர். படம் ஓர் இசை நாடகம்போல மென்மையாக, நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பிரம்மாண்டம் அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் கேட்டபடி செட்டுகளும் அளவோடு அமைந்தன.

அலெக்சாண்டரின் மனதில் ஓடிய படம் வேறு. ஆனால் பெர்கரை விலக்க ஒப்பந்தம் இடம் கொடுக்கவில்லை. எனவே தயாரிப்பாளர் ஒரு வேலை செய்தார். இயக்குநரின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். நடிகர்களுக்கு யோசனை சொன்னார், விளக்கை மாற்றச் சொன்னார். பெர்கர் வாய்விட்டுச் சொல்லாமலே புரிந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

ஒரு நாள் தளத்துக்குள் வந்தவர் செட்டைச் சுற்றிப் பார்த்தார்.

வின்சென்ட் எப்படி நின்றிருப்பார் என்று ஊகிப்பது சிரமமில்லை. அவரை அறிந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் வர்ணித்திருக்கிறார்கள். கசங்கிய கோட்டு, பழைய தொப்பி, பல மொழிகளைக் கலந்து பேசும் ஒரு பாஷை. பெரிய படத்தின் கலை இயக்குநர் என்று யாரும் நம்ப மாட்டார்கள். வாசலில் வேலை கேட்டு நிற்பவர் என்றே நினைப்பார்கள்.

அலெக்சாண்டரின் கோபம் இயக்குநர் மேல் பாயவில்லை. எல்லோர் முன்னிலையிலும் தம்பி மேல் பாய்ந்தது. உனக்குப் பைத்தியமா என்று கேட்டார். போய் ஆட்களைத் திரட்டு, இதைப் போல நாலு மடங்கு பெரிதாகக் கட்டு, முழுவதும் சிவப்படி என்றார். இப்போது இருக்கும் இந்த செட் நாறுகிறது என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தப் படத்தில் பங்கேற்ற மைக்கேல் பவல் பல ஆண்டுகள் கழித்து இந்தக் காட்சியைச் சிரிப்போடு நினைவுகூர்ந்தார்.

கேட்டுக்கொண்டிருந்த பெர்கருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. வீட்டில் மாமியார் மருமகளை ஏசப் பேத்தியைத் திட்டுவது போலத்தான் இதுவும்.

வின்சென்ட்டுக்கு அது வெறும் ஏச்சாக முடியவில்லை. அண்ணன் வாயிலிருந்து வந்தது கோபம்தான். ஆனால் அதற்குள் ஒரு சரியான யோசனை ஒளிந்திருந்தது. 'நாலு மடங்கு' என்பதைத் தச்சர்களை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். 'சிவப்பு' என்ற சொல்லை ஓவியன் ஒருவனால்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

இந்தப் படத்தின் தலைவிதி அந்த ஒரு சொல்லில் திரும்பியது.

* * *

ஏன் என்று புரிய, அன்றைய வண்ணப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

டெக்னிகலர் கேமரா ஒரு பீரோ அளவு இருக்கும். உள்ளே ஒன்றல்ல, மூன்று படச்சுருள்கள் ஒரே நேரத்தில் ஓடும். உள்ளே வரும் ஒளியைப் பிரித்து, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஆளுக்கொன்றாகப் பதிவுசெய்யும். அதற்கு வெளிச்சம் கொட்ட வேண்டும். தளம் அடுப்புபோலக் கொதிக்கும்.

கேமராவோடு ஒரு வண்ண ஆலோசகரும் சேர்ந்தே வருவார். நிறுவனத்தின் நிபந்தனை அது. நட்டலி கல்மஸ் என்ற அந்த அம்மையாரின் பெயர் அக்கால வண்ணப் படங்களின் தலைப்பு அட்டைகளில் தவறாமல் இருக்கும். அவர் கொள்கை அடக்கம். பெரும்பகுதி மங்கலான நிறங்களில் இருக்கட்டும், அழுத்தமான நிறம் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரட்டும் என்பார்.

மென்சீஸின் பாக்தாத் உயரத்தால் மிரட்டியது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வேறு வழி இல்லை, வடிவமும் நிழலும்தான் ஆயுதம். தன் கையில் மென்சீஸுக்குக் கிடைக்காத ஒன்று இருக்கிறது என்பதை வின்சென்ட் கண்டுகொண்டார். உயரத்தில் போட்டி போட வேண்டியதில்லை. நிறத்தால் ஒரு நகரம் கட்டலாம். இளஞ்சிவப்புச் சுவர், நீல வாயில், அதற்கு நடுவே ஒரே ஒரு செந்தீற்று.

சரி, நாலு மடங்கு?

இங்கேதான் செட் தொழிலின் பழைய சூட்சுமம் வருகிறது. எதையும் முழுதாகக் கட்டுவதில்லை. நடிகர் நடமாடும் உயரம் வரை மரமும் பிளாஸ்டரும். அதற்கு மேலே உள்ள மாடங்கள், குவிமாடங்கள், தொலைவில் மின்னும் மினார்கள் எல்லாம் கண்ணாடியில் வரைந்தவை.

பெரிய கண்ணாடிப் பலகையைக் கேமராவுக்கு முன் நிறுத்துவார்கள். கீழ்ப்பகுதியை வெறுமையாக விட்டு, மேற்பகுதியில் ஓவியர் நகரத்தின் மிச்சத்தைத் தீட்டுவார். வெறுமையான பகுதி வழியே தளத்தில் கட்டிய சுவர் தெரியும். வரைந்த கோடும் கட்டிய சுவரும் தலைமுடி அளவு பிசகாமல் சேர வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறதோ அதே பக்கம் ஓவியத்திலும் நிழல் விழ வேண்டும். டென்ஹாமில் இந்தக் கலையின் பெரியவர் பெர்சி டே. கூட நின்று கற்றுக்கொண்டவர் பீட்டர் எல்லன்ஷா. பிற்காலத்தில் வால்ட் டிஸ்னி படங்களுக்குப் போய்ப் பெயர் எடுத்தவர் இவர்தான்.

ஈசலுக்கு முன்னால் உட்கார்ந்து பழகிய வின்சென்ட்டுக்கு இதில் அன்னியம் எதுவுமில்லை. ஒரு கித்தானில் தூரத்து மலையை எப்படித் தீட்டுவார்? பாறையைப் பாறையாக வரைய மாட்டார். இரண்டு தீற்று நீலம் போதும், மிச்சத்தைப் பார்ப்பவர் கண்ணே கட்டிக்கொள்ளும். பாக்தாத்தும் அப்படித்தான் எழுந்தது. கால் பங்கு தச்சன் கட்டினான். முக்கால் பங்கு பார்ப்பவர் கட்டினார்.

* * *

படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள்.

ஒரு கண். கப்பலின் முகப்பில் தீட்டப்பட்ட பெரிய கண். பிறகு பாய்கள், குங்குமச் சிவப்பில் காற்று வாங்கிப் புடைத்து நிற்கின்றன. பாஸ்ரா துறைமுகத்துக்குள் கப்பல் நுழைகிறது. மேல்தளத்தில் கறுப்புத் துணியால் முகம் மூடிய ஒரு மனிதன். கண்கள் மட்டும் தெரிகின்றன. கொடிய மந்திரவாதி ஜாஃபர், நடித்தவர் கோன்ராட் வைட்.

ஒரு வசனம் இல்லை. ஆனால் அபாயம் ஊருக்குள் வந்துவிட்டது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தப் பாய்களின் நிறம் சொல்லிவிட்டது. தளத்தில் அண்ணன் கத்திய சிவப்பு கடைசியில் போய் அமர்ந்த இடங்களில் ஒன்று அது. செட் முழுவதும் அடிக்கச் சொன்னதைத் தம்பி எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்தார்.

இன்னொரு காட்சி. பாஸ்ராவின் சுல்தானுக்குப் பொம்மைப் பைத்தியம். அறை முழுக்கச் சாவி கொடுத்தால் ஆடும் இயந்திரப் பொம்மைகள். நாட்டையும் மகளையும்விட அவருக்கு அவையே பெரிது. ஜாஃபர் ஒரு புதுப் பொம்மை கொண்டுவருகிறான். ஆறு கைகள் கொண்ட வெள்ளிப் பெண். நம் ஊர்க் கோயில் சிலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவள் நிற்கும் தோரணை தெரிந்ததுபோல இருக்கும், தெரியாததுபோலவும் இருக்கும். கைகள் ஒவ்வொன்றாக அசைகின்றன. சுல்தான் மயங்கி அருகே போகிறார். அணைத்த கைகளில் ஒன்றில் கத்தி.

சின்ன மாதிரிகளைச் செய்து செய்து பார்த்தபடி வாழ்ந்த கலை இயக்குநர் அந்தப் பொம்மை அறையைக் கட்டும்போது என்ன நினைத்திருப்பார்? முதலாளியின் பணத்தில் ஊர் ஊராகப் பொம்மை செய்பவர் அவரும்தானே.

* * *

1939 கோடை. வெளிப்புறக் காட்சிகளுக்காக மைக்கேல் பவல் சாபுவைக் கூட்டிக்கொண்டு கார்ன்வால், வேல்ஸ் கடற்கரைகளுக்குப் போய் வந்தார். டிம் வீலன் இன்னொரு பக்கம் படம்பிடித்தார். பெர்கர் தன் பங்கை எடுத்துக்கொண்டிருந்தார். போதாதென்று சோல்டானும் அலெக்சாண்டரும் மென்சீஸும்கூடச் சில காட்சிகளில் கைவைத்தார்கள். ஒரு படத்துக்கு ஆறு பேர்.

ஆறு பேர் சமைத்த குழம்பு ஒரே ருசியில் இருக்க வேண்டுமென்றால் உப்புப் போடுகிறவர் ஒருவராக இருக்க வேண்டும். ஜார்ஜ் பெரினாலின் ஒளிப்பதிவும் வின்சென்ட்டின் நிறமும்தான் அந்தப் படத்தை ஒன்றாகக் கட்டிவைத்தன.

பிறகு செப்டம்பர் 3 வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பிரிட்டன் ஜெர்மனியோடு போரில் இருப்பதாகப் பிரதமர் சேம்பர்லின் வானொலியில் அறிவித்தார்.

பாக்தாத் அப்படியே நின்றது. பவலைக் கையோடு வேறு வேலைக்கு அனுப்பினார் அலெக்சாண்டர். பிரிட்டிஷ் விமானப் படையைப் பற்றிய 'தி லயன் ஹேஸ் விங்ஸ்' என்ற பிரசாரப் படம் சில வாரங்களில் எடுத்து முடிக்கப்பட்டது. இருட்டடிப்பு அமலுக்கு வந்த நாட்டில், வெளிச்சம் கொட்டி எடுக்க வேண்டிய வண்ணப் படத்துக்கு இடமில்லை.

பல மாதம் செலவழித்தாயிற்று. படம் முடியவில்லை. பாதிப் படத்தை விற்க முடியாது. கைவிடவும் முடியாது.

அலெக்சாண்டர் முடிவெடுத்தார். பாக்தாத் அட்லாண்டிக்கைக் கடக்கட்டும்.

* * *

1940-இல் படக்குழு அமெரிக்காவில் இருந்தது. நடிகர்கள் வந்துவிட்டார்கள், எடுத்த படச்சுருள்கள் வந்துவிட்டன. கப்பலில் ஏற்ற முடியாதது ஒன்றே ஒன்று, டென்ஹாமில் கட்டிய நகரம்.

செட் போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. கட்டும் அன்றைக்கே உடையும் நாளும் குறித்தாகிவிடும். ஓவியனுக்குத்தான் இது பழகாது. விற்காத படம்கூடச் சுவரோரம் சாய்ந்து நிற்கும். செட் விறகாகிவிடும்.

மிச்சமிருந்த காட்சிகளில் முக்கியமானவை பூதத்தின் காட்சிகள். நடித்தவர் ரெக்ஸ் இங்கிராம். சீசாவிலிருந்து விடுபட்ட பூதம் சாபுவைத் தூக்கிக்கொண்டு உலகத்தின் மேல் பறக்க வேண்டும். அந்த உலகத்தை யார் கட்டுவது?

கட்டவே இல்லை. அரிசோனாவில் கொலராடோ ஆறு லட்சக்கணக்கான வருடங்களாகச் செதுக்கி வைத்திருந்த கிராண்ட் கேன்யன் இருந்தது. மைல் கணக்கில் சிவந்த பாறை, அடுக்கடுக்காக. அண்ணன் கேட்ட சிவப்பு நாலு மடங்கு அல்ல, நாலாயிரம் மடங்கு அளவில், யாரும் பூசாமல் அங்கே கிடந்தது.

அதன் முன்னால் மனிதர்களைப் பறக்க வைக்கும் வேலை லாரன்ஸ் பட்லருடையது. நீலத் திரைக்கு முன் நடிகரைப் படம்பிடித்து, நீலத்தை மட்டும் கழித்துவிட்டு, வேறொரு காட்சியின் மேல் ஒட்டும் உத்தியை வண்ணப் படத்துக்கு வசப்படுத்தியவர் அவர். இன்று தொலைக்காட்சியில் வானிலை சொல்பவருக்குப் பின்னால் வரைபடம் வருவதும் அந்த வழியில் வந்த வித்தைதான்.

திரையில் பார்த்தால் விளிம்புகளில் லேசாக நீலம் கசிவது இன்றைக்குத் தெரியும். ஆனால் ஒன்று தெரியாது. டென்ஹாமில் பூசிய சிவப்பு எங்கே முடிகிறது, அரிசோனாவின் சிவப்பு எங்கே தொடங்குகிறது என்று எளிதில் பிரிக்க முடியாது. பொய்யும் நிஜமும் ஒரே வண்ணப்பலகையிலிருந்து வந்ததுபோல் இருந்தன.

* * *

1941 பிப்ரவரி 27. லாஸ் ஏஞ்சலீஸ், பில்ட்மோர் ஓட்டல்.

பதின்மூன்றாவது ஆஸ்கர் விழா. வென்றவர் பெயர்களை ஒட்டிய உறைக்குள் வைத்து மேடையில் பிரிக்கும் வழக்கம் அந்த இரவில்தான் தொடங்கியது. இன்னொரு புதுமையும் உண்டு. அதுவரை கலை இயக்கத்துக்கு ஒரே விருது. அந்த ஆண்டு இரண்டாகப் பிரித்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஒன்று, வண்ணப் படத்துக்கு ஒன்று.

வண்ணப் படத்துக்கான முதல் விருது வின்சென்ட் கோர்டாவுக்கு.

பெரினாலுக்கும், சிறப்புக் காட்சிகளுக்காக பட்லர், ஜாக் விட்னி இருவருக்கும் சேர்த்து அந்தப் படத்துக்கு மூன்று ஆஸ்கர்கள். அந்த இரவில் வேறெந்தப் படமும் இத்தனை வாங்கவில்லை. இசைக்குப் பரிந்துரை மட்டும் கிடைத்தது.

கெச்கெமேட்டில் வண்ணம் குழைத்த பையனுக்கு, உலகத்தின் பெரிய சினிமாச் சந்தை வண்ணப் படக் கலை இயக்கத்துக்கென்று வைத்த முதல் பரிசு. ஓவியக் கண்காட்சிகள் தராத பெயரை, இடித்துத் தள்ளப்பட்ட ஒரு நகரம் தந்தது.

பிறகு அவர் கலிஃபோர்னியாவில் ஒரு காடு கட்டினார். சோல்டான் இயக்கிய 'ஜங்கிள் புக்', மௌக்லியாக மறுபடியும் சாபு. 'தட் ஹாமில்டன் உமன்' படத்துக்குக் கடல் போரும் மாளிகையும் கட்டினார். இரண்டுக்கும் ஆஸ்கர் பரிந்துரை வந்தது. அண்ணன் கூப்பிட்டால் தம்பி போவார் என்ற விதி மட்டும் மாறவில்லை.

* * *

1948. போர் முடிந்து மூன்று ஆண்டுகள்.

இந்த முறை அழைப்பு வியன்னாவுக்கு. 1919-இல் ஹங்கேரியை விட்டுத் தப்பிய அலெக்சாண்டர் முதலில் போய் நின்ற நகரம். இப்போது நான்கு நாட்டுப் படைகள் அதைக் கூறு போட்டு வைத்திருந்தன. குண்டு விழுந்த வீடுகள் பாதிச் சுவரோடு நின்றன. தெருவில் செங்கல் குவியல்கள். இயக்குநர் கரோல் ரீட். படம் கறுப்பு வெள்ளை.

வின்சென்ட்டின் வழி நமக்குத் தெரியும். கால் பங்கு கட்டு, மிச்சத்தை நிறத்தால் நம்பவை. வியன்னாவில் நிறம் கிடையாது. கட்டவும் வேண்டாம், கட்டியிருந்ததை எல்லாம் போர் உடைத்துப் போட்டிருந்தது. எந்தத் தச்சனும் செய்ய முடியாத இடிபாடு, நிஜமாகவே, தெருக்கோடி வரைக்கும் கிடந்தது.

செட் என்பதே தேவைப்படாத நகரத்தில் செட் போடுகிறவருக்கு என்ன வேலை? வியன்னாவின் தெருக்களுக்கு அடியில் ஓடிய சாக்கடைக்குள் இறங்கியபோதுதான் வின்சென்ட்டுக்கு அந்த வேலை தென்பட்டது. அது என்ன?

(தொடரும்)